டாம் மாமா ஏன் ஓடவில்லை?



இக்கட்டுரையை ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளி ஒன்றின் ஆண்டிறுதிக் கலை நிகழ்ச்சிக்காக 'டாம் மாமாவின் குடிசை' என்னும் அமெரிக்கப் புதினத்தை நாடகமாக்கினேன். என் கையில் இருந்தது சிறுவர்களுக்காகச் சுருக்கப்பட்ட ஒரு மெல்லிய நூல். அதை வைத்து அரை மணி நேர நாடகம் எழுதினேன். டாம் வேடமிட்ட மாணவனுக்குத் தலையில் பஞ்சு ஒட்டிக் கிழவனாக்கினேன். முகத்தில் கரி பூசினேன். முதுகு வளைந்து, கைகட்டி, யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும்படி நடிக்கக் கற்றுக்கொடுத்தேன். பெற்றோர்கள் கண் கலங்கினர்; அரங்கில் கைத்தட்டல் நெடுநேரம் ஒலித்தது.

ஒத்திகையின்போது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "டீச்சர், மற்றவர்கள் ஓடுகிறார்களே, டாம் மாமா ஏன் ஓடவில்லை?" நேரமில்லாத அவசரத்தில், "அவர் நல்லவர், நல்லவர்கள் பணிவாக இருப்பார்கள்" என்று பதில் சொன்னேன். நன்னெறிக் கல்விப் பாடத்திற்கும் அது பொருந்தும் என்றே அன்று எண்ணினேன்.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு பள்ளி விடுமுறையில் அப்புதினத்தை முழுமையாகப் படித்தேன். நான் சொன்ன பதிலும் தவறு, மேடையேற்றிய டாமும் தவறு என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தவறு என்னிடமிருந்து தொடங்கியதன்று. அதற்கு 150 ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. ஒரு கதைமாந்தர் எழுதியவரின் கையிலிருந்து நழுவி, மேடையில் உருமாறி, இறுதியில் ஒரு வசைச்சொல்லாகவே ஆகிப்போன அந்த வரலாற்றை இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

புதினம் பிறந்த காலம்

1850இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு ஏறத்தாழ 32 இலட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். தென் மாநிலங்களில் அடிமை முறை சட்டப்படி நடந்தது. வட மாநிலங்களில் அது ஒழிந்திருந்தது. தெற்கிலிருந்து தப்பி வடக்கே வந்தவர்கள் ஓரளவு பாதுகாப்பாக வாழ முடிந்தது. அதே 1850ஆம் ஆண்டு செப்டம்பரில் தப்பியோடிய அடிமைகள் பற்றிய புதிய சட்டம் ஒன்று நிறைவேறியது. தப்பி வந்தவருக்கு அடைக்கலம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கும். பிடிபட்டவருக்கு நடுவர் குழுவின் முன் விசாரணை இல்லை. தம் சார்பில் அவரே சாட்சி சொல்லவும் இயலாது. வழக்கை விசாரித்த ஆணையர், அவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தால் 10 டாலரும், விடுவித்தால் 5 டாலரும் ஊதியமாகப் பெற்றார். நீதி எந்தப் பக்கம் சாயும் என்பதை இந்த ஒரு விதியே காட்டிவிடும்.

இச்சட்டத்தைக் கண்டு கொதித்தவர்களுள் ஒருவர் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ். 1811இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு சமய போதகரின் மகளாகப் பிறந்தவர். தம் தமக்கை கேத்தரின் தொடங்கிய பெண்கள் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். ஆம், அவரும் நம்மைப் போல் வகுப்பறையில் நின்றவர்தாம். 1832இல் அவருடைய குடும்பம் சின்சினாட்டி நகருக்குக் குடிபெயர்ந்தது. அந்நகரின் ஓரமாக ஓடும் ஒகையோ ஆறுதான் எல்லை. இக்கரையில் விடுதலை, அக்கரையான கென்டக்கியில் அடிமை முறை. தப்பி வந்தவர்களின் கதைகளை அவர் அங்கேதான் நேரில் கேட்டார்.

1849இல் அந்நகரில் பரவிய வாந்திபேதி, ஒன்றரை வயதான அவருடைய மகனைக் கொண்டுபோனது. குழந்தையைப் பறிகொடுத்த அந்த நாளில்தான், தன் பிள்ளை விற்கப்படும்போது ஓர் அடிமைத் தாய் என்ன பாடுபடுவாள் என்பதை உணர்ந்ததாக அவர் பின்னர் எழுதினார். 1851 ஜூன் 5 முதல் வாஷிங்டனில் வெளிவந்த 'நேஷனல் இரா' என்னும் வார இதழில் அவருடைய தொடர்கதை வரத் தொடங்கியது. மூன்று நான்கு வாரங்களில் முடித்துவிடலாம் என்று எண்ணித் தொடங்கியது, 1852 ஏப்ரல் வரை நீண்டது. அப்போது அவருக்கு 40 வயது. வீடு நிறையப் பிள்ளைகள். சமையலுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் இடையில்தான் எழுதினார்.

1852 மார்ச் 20ஆம் நாள் பாஸ்டனில் இரண்டு தொகுதிகளாக நூல் வெளியானது. முதற்பதிப்பு 5,000 படிகள். ஓராண்டுக்குள் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் படிகள் விற்றன. பிரிட்டனில் விற்பனை அதையும் விஞ்சியது.

புதினத்தில் இருக்கும் டாம் யார்?

நான் மேடையேற்றிய கிழவர் அந்நூலில் இல்லை. ஸ்டோவ் படைத்த டாம், அகன்ற மார்பும் உரமேறிய உடலும் கொண்ட நடுவயதினர். வீட்டில் கைக்குழந்தை தவழும் இளந்தந்தை. கென்டக்கியில் ஷெல்பி என்பவரின் பண்ணையைப் பொறுப்பாக நடத்தி வருபவர். ஷெல்பி கடனில் மூழ்குகிறார். கடனை அடைக்க டாமையும், எலைஸா என்னும் பெண்ணின் சிறுவயது மகன் ஹேரியையும் அடிமை வணிகனிடம் விற்க ஒப்புக்கொள்கிறார். செய்தி அறிந்த எலைஸா, மகனைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக ஓடுகிறாள். உடைந்து மிதக்கும் பனிப்பாளங்களின் மேல் தாவித் தாவி ஒகையோ ஆற்றைக் கடக்கிறாள்.

டாமும் அவளோடு ஓடியிருக்கலாம். நேரமும் இருந்தது, எங்கு வேண்டுமானாலும் சென்றுவர அவரிடம் அனுமதிச் சீட்டும் இருந்தது. அவர் ஓடாததற்கான காரணத்தை ஸ்டோவ் தெளிவாகவே எழுதியிருக்கிறார். டாம் விற்கப்படாவிட்டால் கடனுக்காகப் பண்ணையும் அங்குள்ள அடிமைகள் அனைவரும் விற்கப்படுவர். அவர்களுள் அவருடைய மனைவியும் குழந்தைகளும் அடக்கம். ஒருவர் போவதா, எல்லாரும் சிதறுவதா என்னும் கேள்விக்குத் தம்மையே விலையாகக் கொடுக்கிறார். எலைஸா ஓடுவது சரியே என்றும் சொல்கிறார். நான் 'பணிவு' என்று மாணவனுக்குச் சொன்னது உண்மையில் கணக்குப் பார்த்து எடுத்த ஒரு முடிவு.

பிறகு டாம் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் செல்வரான செயிண்ட் கிளேரிடம் சேர்கிறார். அவருடைய சிறுமகள் ஈவா நோயுற்று இறக்கிறாள். டாமுக்கு விடுதலை தருவதாகச் செயிண்ட் கிளேர் வாக்களிக்கிறார். ஆனால் தாளில் கையெழுத்திடும் முன்பே, ஒரு சண்டையை விலக்கப் போன இடத்தில் கத்திக்குத்துப்பட்டு மாண்டுவிடுகிறார். நல்ல எசமானன் இருந்தாலும் அடிமையின் வாழ்வு ஒரு கையெழுத்தில் தொங்குகிறது என்பதை ஸ்டோவ் இங்கே காட்டுகிறார்.

கடைசியாக டாமை வாங்குபவன் சைமன் லெக்ரீ. இக்கொடியவனைத் தெற்கத்தியனாக அல்லாமல், வடக்கே நியூ இங்கிலாந்தில் பிறந்தவனாக ஆசிரியர் படைத்திருப்பது கவனத்திற்குரியது. குற்றம் ஒரு வட்டாரத்து மக்களின் இயல்பில் இல்லை, முறையில் இருக்கிறது என்பதே அவர் கருத்து. லெக்ரீயின் பருத்தித் தோட்டத்தில் டாம் இரண்டு முறை கட்டளையை மீறுகிறார். நோயுற்ற பெண் ஒருத்தியைச் சாட்டையால் அடிக்கும்படி ஏவியபோது முடியாது என்கிறார். அதற்காகத் தாமே அடிபடுகிறார். பின்னர் கேஸி, எமலின் என்னும் இரு பெண்கள் தப்பி ஒளிந்துகொள்கின்றனர். அவர்கள் இருக்குமிடம் டாமுக்குத் தெரியும். தெரியாது என்று பொய்யும் சொல்லவில்லை. தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறார். அதற்காகவே அடித்துக் கொல்லப்படுகிறார்.

கீழ்ப்படியாமைக்காக உயிர்விட்ட மனிதரை நான் கீழ்ப்படிதலின் உருவமாக மேடையேற்றியிருந்தேன்.

'மாமா' என்னும் சொல்

மொழி ஆசிரியர் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'டாம் மாமா' என்று தமிழில் படிக்கும்போது நம் காதில் உறவும் உரிமையும் ஒலிக்கின்றன. அன்றைய அமெரிக்கத் தெற்கில் அச்சொல்லுக்கு வேறொரு பயன் இருந்தது. வெள்ளையர் ஒருவரைத் 'திருவாளர்' என்று அழைத்தனர். வயதான கறுப்பினத்தவருக்கு அந்த மதிப்பை வெள்ளையர் கொடுப்பதில்லை. அதற்கு மாற்றாக ஆண்களை 'மாமா' என்றும் பெண்களை 'அத்தை' என்றும் அழைத்தனர். அன்பு கலந்த சொல்தான். ஆனால் சமமானவராக ஏற்பதைத் தவிர்க்கும் சொல்லும் அதுவே. மொழிபெயர்ப்பில் இந்த நுட்பம் மறைந்துவிடுகிறது. வகுப்பில் இந்நூலைப் பற்றிப் பேசும் ஆசிரியர் இதை விளக்காமல் கடக்கக் கூடாது.

மேடை செய்த மாற்றம்

அன்றைய அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், புதினத்தை நாடகமாக்குவதைத் தடுக்கும் உரிமையை ஆசிரியருக்கு வழங்கவில்லை. ஆகவே நூல் வந்த 1852ஆம் ஆண்டிலேயே நாடகங்கள் முளைத்தன. ஜார்ஜ் எய்க்கன் எழுதிய நாடகம் அவ்வாண்டு செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் அரங்கேறியது; அடுத்த ஆண்டு நியூயார்க் நகருக்குச் சென்றது. ஸ்டோவுக்கு இவற்றால் ஒரு காசும் கிடைக்கவில்லை. உள்ளடக்கத்தின் மீது அதிகாரமும் இருக்கவில்லை.

டாமாக நடித்தவர்கள் முகத்தில் கரி பூசிய வெள்ளையர்கள். கறுப்பின மக்களைக் கேலிப் பொருளாக்கும் ஆடல்பாடல் நிகழ்ச்சிகள் அப்போதே அமெரிக்காவில் பெருவழக்காக இருந்தன. அந்த வேடமும் கோமாளித்தனமும் இந்நாடகங்களுக்குள் புகுந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல ஊர் ஊராகச் சுற்றும் 'டாம் நாடகக் குழுக்கள்' பெருகின. நரைத்த தலையும் தள்ளாடும் நடையும் டாமுக்கு ஒட்டிக்கொண்டன. எலைஸாவை வேட்டை நாய்கள் துரத்தும் காட்சி மேடையின் பெரும் ஈர்ப்பாக ஆனது. புதினத்தில் அவள் ஆற்றைக் கடக்கும்போது நாய்களே இல்லை. சில குழுக்கள் அடிமை வாழ்வை மகிழ்ச்சியான வாழ்வாகவே காட்டின. அடிமை முறையை எதிர்த்து எழுதப்பட்ட கதை, அதற்கு ஆதரவாகவும் ஆடப்பட்டது.

1903இல் எட்வின் போர்ட்டர் எடுத்த ஊமைப் படத்திலும் முதன்மை வேடங்களில் கரி பூசிய வெள்ளையரே நடித்தனர். 1914இல் வந்த படத்தில்தான் சாம் லூக்கஸ் என்னும் கறுப்பின நடிகர் டாமாக நடித்தார். நூலைப் படித்தவர்களைவிட நாடகத்தைப் பார்த்தவர்களே மிகுதி. ஆகவே மக்கள் மனத்தில் நின்ற டாம், மேடையின் டாம்தான்.

நானும் அந்தப் பெருங்கூட்டத்தில் ஒருத்தி. கரியின் வரலாறு தெரியாமலே ஒரு குழந்தையின் முகத்தில் கரி பூசினேன். அறியாமல் செய்தேன் என்பது உண்மை. ஆனால் ஆசிரியருக்கு அறியாமை முழு விலக்கு ஆகாது.

வசைச்சொல்லாக மாறிய பெயர்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளிலேயே 'டாம் மாமா' என்பது வெள்ளையருக்கு வளைந்து கொடுக்கும் கறுப்பினத்தவரைக் குறிக்கும் இழிசொல்லாகிவிட்டது. 1938இல் ரிச்சர்ட் ரைட் தம் சிறுகதைத் தொகுப்புக்கு 'டாம் மாமாவின் பிள்ளைகள்' என்று பெயரிட்டார். இந்தத் தலைமுறை இனிப் பணியாது என்பது அத்தலைப்பின் உட்பொருள். 1960களில் அச்சொல் அரசியல் மேடைகளில் தாராளமாகப் புழங்கியது.

நம் நாட்டுப் பெரியவர்கள் பலருக்கு முகமது அலியை நினைவிருக்கும். 1975இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் குத்துச்சண்டை போட்டவர் அவர். 1971 மார்ச்சில் ஜோ ஃபிரேசியருடன் நடந்த போட்டியை ஒட்டி, ஃபிரேசியரை அவர் 'டாம் மாமா' என்று ஏளனம் செய்தார். வறிய தோட்டக் குடும்பத்தில் பிறந்து உழைத்து முன்னேறிய ஃபிரேசியரின் மனத்தில் அந்தக் காயம் நெடுங்காலம் ஆறவில்லை. அப்படிப் பேசியதற்கு அலி 2001இல் வருத்தம் தெரிவித்தார். அந்தப் பெயர் எவ்வளவு ஆழமாகக் குத்தும் என்பதற்கு இது சான்று.

நியாயமான குறைகளும் உண்டு

எல்லாப் பழியும் மேடையைச் சாராது. புதினத்திலேயே குறைகள் உள்ளன. கறுப்பினத்தவர் இயல்பிலேயே சாதுவானவர்கள், சமயப்பற்று மிக்கவர்கள் என்பது போன்ற பொதுமைப்படுத்தல்களை ஸ்டோவ் பல இடங்களில் செய்கிறார். டாப்ஸி என்னும் சிறுமியைச் சிரிப்புக்குரியவளாக வரைந்த பகுதிகள் இன்று படிக்கக் கூச்சம் தருகின்றன. எலைஸாவின் கணவர் ஜார்ஜ் ஹேரிஸ் கதையின் முடிவில் ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்குச் செல்ல முடிவெடுக்கிறார். பிறந்த நாட்டிலேயே உரிமை கேட்டுப் போராடிய கறுப்பினத்தவர்களுக்கு இது உவப்பாக இல்லை. 1853இல் மார்ட்டின் டெலேனி இந்நூலைக் கடுமையாகக் குறை கூறினார். ஃபிரெடரிக் டக்ளஸ் அதன் பயனைப் போற்றி மறுமொழி எழுதினார். 1949இல் ஜேம்ஸ் பால்ட்வின் எழுதிய கட்டுரை, இதன் மிகையுணர்ச்சி மனிதர்களை மனிதர்களாகப் பார்க்கவிடாமல் தடுக்கிறது என்று வாதிட்டது. 1985இல் ஜேன் டாம்ப்கின்ஸ் போன்ற திறனாய்வாளர்கள் நூலின் வலிமையை மீண்டும் எடுத்துரைத்தனர். இவ்விவாதம் இன்னும் ஓயவில்லை.

இன்னொரு செய்தி. 1862இல் அதிபர் ஆபிரகாம் லிங்கன் ஸ்டோவைச் சந்தித்தபோது, போரைத் தொடங்கி வைத்தவர் இவர்தாமா என்று வியந்ததாகப் பலரும் எழுதுகின்றனர். நானும் பள்ளிச் சபைகூடலில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அக்காலத்து எழுத்துச் சான்று எதுவும் இல்லை. 30 ஆண்டுகளுக்கும் மேல் கழித்தே அது அச்சில் வந்தது. இனிச் சொல்வதாக இருந்தால் 'சொல்லப்படுகிறது' என்று சேர்த்துச் சொல்வோம்.

சான்றுள்ள செய்தி வேறு இருக்கிறது. மேரிலாந்தில் சாமுவேல் கிரீன் என்னும் கறுப்பினப் போதகர் வாழ்ந்தார்; அடிமையாக அல்ல, விடுதலை பெற்றவராக. 1857இல் அவர் வீட்டைச் சோதித்தபோது இப்புதினம் கிடைத்தது. அதை வைத்திருந்த குற்றத்திற்காக அவருக்கு 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1862இல்தான் வெளியே வந்தார். அதுவும் அம்மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு. இந்நூலைக் கண்டு யார் அஞ்சினர் என்பதை அறிய இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஓடிய ஒரு 'டாம்'

ஸ்டோவ் 1853இல் தம் கதைக்கான ஆதாரங்களைத் தொகுத்து வேறொரு நூல் வெளியிட்டார். அதில் அவர் குறிப்பிட்டவர்களுள் ஒருவர் ஜோசையா ஹென்சன். 1789இல் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். 1825இல் எசமானரின் அடிமைகள் பதினெட்டுப் பேரைக் கென்டக்கிக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு அவரிடம் வந்தது. வழியில் சின்சினாட்டியில் அவர்கள் அனைவரும் விடுதலை பெற்றிருக்கலாம். எசமானருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற எண்ணி, எல்லாரையும் மீண்டும் அடிமை நிலத்திற்கே அழைத்துப் போனார். அச்செயலை எண்ணிப் பிற்காலத்தில் பெரிதும் வருந்தினார்.

1830இல் மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும் ஓடினார். இரண்டு சிறு பிள்ளைகளை முதுகில் சுமந்து கொண்டு கனடாவை அடைந்தார். அங்கே தப்பி வந்தவர்களுக்கான குடியிருப்பையும் பள்ளியையும் உருவாக்கப் பாடுபட்டார். 1883இல் மறைந்தார். ஒண்டாரியோவில் அவர் வாழ்ந்த இடத்தில் உள்ள அருங்காட்சியகம் 'டாம் மாமாவின் குடிசை' என்ற பெயரையே தாங்கி நின்றது. 2022இல் அதற்கு ஹென்சனின் சொந்தப் பெயர் சூட்டப்பட்டது. கதைமாந்தரின் பெயருக்குப் பின்னால் மறைந்திருந்த மனிதருக்கு அவர் பெயர் திரும்பக் கிடைத்தது.

வகுப்பறைக்கு என்ன பயன்?

என் பட்டறிவிலிருந்து மூன்று கருத்துகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, சுருக்க நூலை மாணவருக்குக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் ஆசிரியர் மூலநூலை, அல்லது முழுமையான மொழிபெயர்ப்பை, ஒரு முறையேனும் படித்திருக்க வேண்டும். சுருக்கும்போது முதலில் உதிர்வது காரணங்கள்தாம். டாம் ஓடவில்லை என்பது மிஞ்சுகிறது. ஏன் ஓடவில்லை என்பது உதிர்ந்துவிடுகிறது.

இரண்டாவது, இன்னோர் இனத்தின் துயரத்தை மேடையேற்றும்போது வேடத்தைக் குறைத்து, சொல்லைக் கூட்டுவோம். கரி பூசாமலே அந்த மாணவன் டாமாக நடித்திருக்க முடியும். உடல் நிமிர்ந்து நின்று "சொல்ல மாட்டேன்" என்று அவன் உரைத்திருந்தால், அதுவே உண்மையான டாம்.

மூன்றாவது, பணிவு வேறு, பிறருக்காகத் தாங்கிக்கொள்வது வேறு, அநியாயத்துக்கு உடன்பட மறுப்பது வேறு. இம்மூன்றையும் ஒரே 'நற்பண்பு' என்னும் பெட்டிக்குள் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறோம். பெரியவர் ஒருவர் தவறான செயலைச் செய்யச் சொன்னால் மறுக்க வேண்டும் என்பதை நம் பிள்ளைகள் எங்கே கற்பார்கள்? வீட்டிலும் வகுப்பிலும் நாம் சொல்லாவிட்டால் வேறு எவர் சொல்வார்?

அன்று கேள்வி கேட்ட மாணவன் இன்று வளர்ந்து வேலைக்குப் போயிருப்பான். அவனை மீண்டும் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தால் சொல்ல வேண்டிய பதில் என்னிடம் இருக்கிறது: "தம்பி, நல்லவர் என்பதால் அவர் ஓடாமல் இருந்துவிடவில்லை. தாம் ஓடினால் மற்றவர்கள் விற்கப்படுவார்கள் என்பதால் நின்றார். ஓடியவர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்ததால் இறந்தார். உன் கேள்வி சரியானது. என் பதில்தான் தவறு."

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, நீங்களும் இது போல் சுருக்கக் கதையால் ஏமாந்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். சேர்ந்து திருத்திக்கொள்வோம்.

அன்புடன்,
உங்கள் தோழமை ஆசிரியை